மை விழாத இடம்

"நல்ல ஃபோட்டோவைக் கெடுத்தீங்களா, இல்ல நல்ல ஓவியத்தைக் கெடுத்தீங்களா?"

கோவையில் ஒரு சின்ன அரங்கில், நான் எடுத்த புகைப்படங்களின் மேல் ஓவியர் அண்ணன் ஒருவர் வர்ணம் தொட்ட எங்கள் படங்களை மாட்டி வைத்திருந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பெரியவர் இப்படிக் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. ஜவுளிக்கடையில் துணியைப் புரட்டிப் பார்த்து, இது காட்டனா பாலியஸ்டரா என்று விசாரிப்பார்களே, அந்தத் தொனி. "ரெண்டும் கலந்ததுங்க" என்றேன். "அது தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். காங்கயம் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை பல்லடம் தாண்டும்வரை மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தேறவில்லை. மாதங்கள் ஆகிவிட்டன. பனியன் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதுகூட நடுவில் வந்து நிற்கிறது அந்தக் கேள்வி.

பனியன் படம்தான் என் பிழைப்பு. திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு கேட்லாக் எடுத்துக் கொடுக்கிறேன், பதினான்கு வருஷமாக. துணிக்குப் பின்னால் சுத்தமான வெள்ளை வேண்டும். நிழல் கூடாது, சுருக்கம் கூடாது, காலர் மடிப்பு நேராக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் கொறங்காடுகளில் திரிந்து எனக்காகக் கருப்பு வெள்ளையில் எடுப்பேன். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், மேய்கிற மாடு. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: பொட்டல் என்று நினைத்துக் கடந்துபோவீர்களே, அது பொட்டல் இல்லை, வேலி கட்டிப் பாத்திகட்டிப் பேணுகிற மேய்ச்சல் காடு.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், அந்தக் கதை பின்னால் வருகிறது. தாராபுரம் பக்கத்துக்காரர். இருபது வயதில் ஈரோட்டில் சினிமா பேனர் வரைகிற பட்டறை ஒன்றில் சேர்ந்தவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் துடைத்துப் போட்ட பிறகு கடைப் பலகை, நம்பர் பிளேட், பள்ளிக்கூடச் சுவர், கோயில் வர்ணம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் செய்தவர். எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வர்ணம் அடிக்க வந்தபோது சாரத்தின் மேல் உட்கார்ந்திருந்த அவரைத்தான் முதலில் பார்த்தேன். கருப்பராயனின் குதிரைக்குப் பழைய வர்ணம் என்ன என்று யாருக்கும் நினைவில்லை. நான் முன்பு எடுத்த படம் ஒன்று இருக்கிறது என்று பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார், ஒரு தடவை பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து என் பிரிண்டின் மேலேயே குறுக்கும் நெடுக்கும் கோடு கிழிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "கட்டம் போடாம எப்படிங்க தம்பி பெருசு பண்றது?" என்றார். அவர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான். சினிமாக் கம்பெனியிலிருந்து வரும் ஸ்டில் மேல் ஒரு அங்குலத்துக்கு ஒரு கட்டம், காடாத் துணியில் ஒரு அடிக்கு ஒரு கட்டம், பிறகு கட்டம் கட்டமாக முகத்தைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைப்பது. புகைப்படத்தின் மேல் கை வைக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அன்றைக்கு அந்தப் பிரிண்டைத் திருப்பிக் கேட்டு வாங்கி வந்தேன். பென்சில் கட்டங்களுக்குள் நிற்கிற மண்குதிரை நான் எடுத்த குதிரையைவிட நன்றாக இருந்தது. சேர்ந்து ஏதாவது செய்யலாமா என்று கேட்கிற யோசனை அங்கேதான் வந்தது.

தாமரை இலைத் தண்ணீர்

முதலில் தோற்றது காகிதத்தில். கல்யாண ஆல்பத்துக்குப் போடுகிற லேப் பிரிண்டைத்தான் முதலில் கொண்டுபோனேன். அந்தத் தாளுக்கு இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அண்ணன் வாட்டர் கலரைத் தொட்டு வைத்தார். தாமரை இலைத் தண்ணீர்தான், ஒட்டவே இல்லை, உருண்டு உருண்டு ஓரத்துக்கு வந்து நின்றது. அடுத்து சாதாரண மேட் தாளில், விலை குறைந்த பிரிண்டரில் போட்டுக் கொடுத்தேன். ஒட்டியது. ஆனால் தூரிகை பட்டதும் கருப்பு மை கலைந்து ஊதாவாக ஓடி, வேலியெல்லாம் புலி வால் மாதிரி பட்டை பட்டையாகிவிட்டது. சாய மை தண்ணீரில் கரையும் என்பது எனக்குத் தெரியும்தான். திருப்பூரில் இருந்துகொண்டு சாயம் போவதைப் பற்றித் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கடைசியில் பருத்தி இழையில் செய்த தாள், அதில் தண்ணீரில் கரையாத பிக்மென்ட் மை, அதன் மேல் அக்ரிலிக் மீடியம் என்கிற நிறமில்லாத பூச்சு ஒரு கை பூசிக் காயவைத்தது என்று ஒரு வழிக்கு வந்தோம். நேராக எண்ணெய் வர்ணம் பட்டால் காகிதம் நாளடைவில் பழுத்து நொறுங்கும், நடுவில் அந்தப் பூச்சு வேண்டும். ஒரு தாளின் விலையைக் கேட்டுவிட்டு அண்ணன், "ரெண்டு கிலோ பருத்தி வாங்கலாமுங்களே" என்றார்.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் இல்லாத வெள்ளிப்பூச்சுத் தாள், ஒளி ஊடுருவும் எண்ணெய் வர்ணம், பஞ்சில் தொட்டு ஒற்றி எடுத்தால் கன்னத்தில் ரோஸ் ஏறிவிடும். எங்கள் அம்மா வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) படம் அப்படித்தான் தொங்குகிறது. ஏதோ கல்யாணக் கூட்டத்துப் படத்திலிருந்து தலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே ஸ்டுடியோ ஓவியர் ஒரு கறுப்புக் கோட்டு போட்டுவிட்டார். அப்பிச்சி ஆயுசுக்கும் கோட்டு போட்டதில்லை, வெற்றுடம்பும் துண்டும்தான். அமுச்சியிடம் (அம்மாவின் அம்மா) சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கோட்டு அவருதில்ல கண்ணு. மொறைக்கற மொறைப்பு அவருதுதான்" என்றார். புகைப்படம் எங்கே முடிந்து தூரிகை எங்கே தொடங்குகிறது என்று எந்த வீட்டிலும் யாரும் கவலைப்பட்டதில்லை. மாலை போட்டுக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டிருக்கிறேன். கேமரா வாங்கிய பிறகுதான் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

பந்தி முடிந்த படம்

தாள் சரியானதும் பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து, பதினாறுக்கு இருபத்து நாலு சைஸில் போட்டு, சுருட்டிக் கொண்டுபோனேன். என்னிடம் இருந்ததிலேயே சிறந்தவை. ஆட்டு மந்தைக்குப் பின்னால் புழுதியில் சூரியன் உடைந்து இறங்குகிற படம் ஒன்று, அதை எடுக்க மூன்று மாதம் ஒரே வேலிக்கு அலைந்தேன். அண்ணன் வீட்டுத் திண்ணையில் பாயை விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பினார். நாலு மூலைக்கும் நாலு வர்ண டப்பா. பேசவே இல்லை. காபி வந்தது, ஆறியது. அரை மணி நேரம் கழித்துப் பத்துப் படங்களை அடுக்கி என் பக்கமாகத் தள்ளினார்.

"இதுல எனக்கு வேலை இல்லீங்க தம்பி."

பிடிக்கலையா என்று கேட்டேன். "அட, ரொம்ப நல்லா இருக்குதுங்க. அதானுங்க சொல்றேன். பந்தி முடிஞ்சு எலை எடுத்தாச்சு. இப்ப வந்து நான் என்னத்தைப் பரிமாறறது?"

ஒன்றை மட்டும் திருப்பித் தரவில்லை. அது தேர்ந்தெடுத்த படமே இல்லை, அந்தச் சுருளோடு தவறி வந்தது. வைகாசி உச்சி வெயிலில் எடுத்தது. மர நிழலில் வேறொன்றை எடுத்துவிட்டு, கேமராவின் அளவுகளை மாற்ற மறந்து, வெளியே வந்து அப்படியே அழுத்திவிட்டேன். வானம் முழுக்க வெள்ளை. தரையில் பாதி வெள்ளை. வேலி தேய்ந்த கோடாக எங்கோ தெரிகிறது. நடுவே ஒரு மாடும் அதன் கன்றும், பால் ஊற்றிக் கழுவியதுபோல. எங்கள் பாஷையில் "வெந்துபோன" படம். அழித்திருக்க வேண்டியது. அண்ணன் அந்த வெள்ளையின் மேல் விரலை வைத்துத் தடவினார், அடுத்து வேலியின் மேல் தடவினார், மறுபடி வெள்ளைக்கு வந்தார். "இங்க மை விழலைங்களே" என்றார்.

உண்மைதான். என் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை என்று நாம் பார்ப்பது மை விழாமல் விட்டுப்போன வெறும் தாள். இது எனக்குத் தெரியாத விஷயமா? பனியனுக்குப் பின்னால் பதினான்கு வருஷமாக நான் செய்வது அதைத்தான். ஆனால் அந்த வெள்ளையை நான் முடிந்துபோன இடமாக நினைத்திருந்தேன். துணியை எடுத்துக் காட்ட ஒதுக்கிய, யாரும் பார்க்கத் தேவையில்லாத இடம். அண்ணன் அதை ஆள் உட்கார இடம் விட்ட திண்ணையாகப் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். போனேன். படத்தில் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. கன்றுக்குட்டியை மட்டும் காவியில் தொட்டிருந்தார். கோயில் சுவருக்குப் பட்டை அடிக்கிற அதே காவிப் பொடி, மீடியத்தில் குழைத்தது. முதுகில் கெட்டியாக, வயிற்றுப் பக்கம் போகப் போக நீர்த்து, காலருகில் என் மையும் அவர் காவியும் எது எதென்று தெரியாமல் கரைந்திருந்தன. காதின் உள்பக்கத்தை விட்டுவிட்டார், அங்கே தாள்தான் இருக்கிறது. "மாட்டுக்கு?" என்றேன். சிரித்தார். "அது மயிலைங்க. உங்க படத்துலயே மயிலையாத்தான இருக்குது, நான் எதுக்கு?"

காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்பு. ஆறு மாதம் போல ஆனால்தான் சாம்பலுக்கு மாறி மயிலையாகும். நான் இந்த ஊர்க்காரன், எனக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் கருப்பு வெள்ளையில் அவற்றை எடுத்திருக்கிறேன், தாயின் நிறத்துக்கு என் கேமராவே போதும், கன்றின் நிறத்துக்குப் போதாது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஒரே படத்தில் பாதி நிறம் ஏற்கெனவே சரியாக இருந்தது, பாதி காணாமல் போயிருந்தது. காணாமல் போனதை மட்டும் அவர் போட்டார்.

அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. வேண்டுமென்றே ஒளியைக் கூட்டி வைத்து எடுக்க ஆரம்பித்தேன். சட்டத்தில் ஒரு பக்கம் காலியாக விட்டேன். நல்ல மேகம் வந்தால் கேமராவை இறக்கிக்கொண்டேன். சொல்வதற்கு லேசாக இருக்கிறது, கை கூசும். நன்றாக எடுக்கத் தெரிந்தவன் குறையாக எடுப்பது, ருசியாகச் சமைக்கத் தெரிந்தவர் உப்பு போடாமல் இறக்கி வைப்பது மாதிரி. இன்னொருவர் வந்து போடுவார் என்கிற நம்பிக்கை வேண்டும். சில படங்களில் அதையும் பாசாங்காகச் செய்துவிடுவேன், "இங்கே வரைந்துகொள்ளுங்கள்" என்று கோடு போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். அண்ணன் அதைக் கண்டுபிடித்துத் திருப்பிவிடுவார்.

இரண்டு ஜோடிகள்

பெரியவர் கேட்ட கேள்வி புதிதில்லை என்று தெரிந்துகொள்வதில் ஒரு ஆறுதல் இருந்தது. புகைப்படக் கலை உலகுக்குத் தெரியவந்து நாலு வருஷம்போல ஆகியிருந்த 1843-இல், எடின்பரோவில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியர் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிரிந்த நிகழ்ச்சியைப் பெரிய ஓவியமாக வரைய நினைத்தார். நானூறுக்கும் மேல் முகங்கள். அத்தனை பேரையும் உட்காரவைத்து வரைய முடியுமா? இளைஞரான ராபர்ட் ஆடம்சனைச் சேர்த்துக்கொண்டார். அவர் ஒவ்வொருவரையும் கேமராவில் எடுக்க, அதைப் பார்த்து இவர் வரைவதாக ஏற்பாடு. அண்ணனின் கட்டம் போட்ட ஸ்டில் மாதிரியேதான். ஆனால் இருவரும் சேர்ந்து படம் எடுப்பதிலேயே ஊறிப்போனார்கள். பாதிரிமார்களை விட்டு மீனவர்களை, மீன் விற்கிற பெண்களை எல்லாம் எடுத்தார்கள். 1848-இல், இருபத்தாறு வயதில், ஆடம்சன் இறந்துபோனார். ஹில் அந்த ஓவியத்தை முடித்தது 1866-இல். இருபத்து மூன்று வருஷ உழைப்பு. இன்றைக்கு உலகம் தேடிப் பார்ப்பது அந்த ஓவியத்தை அல்ல, அதற்கு உதவிக்கு என்று எடுத்த புகைப்படங்களைத்தான். கூலிக்கு வந்தது வீட்டுக்காரனாகிவிட்டது.

நம் நாட்டிலேயே இன்னொரு ஜோடி உண்டு. கௌரி கில் என்ற புகைப்படக்காரரும், மகாராஷ்டிரத்தில் தஹானு பக்கம் கஞ்சாட் கிராமத்து வார்லி பழங்குடி ஓவியர் ராஜேஷ் வாங்கடும் 2013-லிருந்து சேர்ந்து செய்தவை. வாங்கடின் ஊர் நிலத்தைக் கௌரி கில் கருப்பு வெள்ளையில் எடுக்க, அந்தப் படத்தின் மேலேயே வாங்கட் மைக்கோடுகளால் வார்லி உருவங்களை நிரப்பினார். மரங்களுக்கு இடையில், வானத்தில், பாறையில் எல்லாம் பொடி மனிதர்கள். கேமராவுக்கு அன்றைக்கு அங்கே இருந்தது மட்டும்தான் தெரியும். அந்த ஊர்க்காரருக்கு அங்கே முன்பு நடந்ததும் தெரியும். அவற்றை அண்ணனிடம் மொபைலில் காட்டினேன். பெரிதாக்கி, நகர்த்தி, ரொம்ப நேரம் பார்த்தார். "பொறுமைக்காரருங்க" என்றார். அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு நான் கேட்டதில்லை.

மயில்

எல்லாம் கூடிவந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு படத்தில் வேலி ஓரத்து வெள்ளையில் அண்ணன் ஒரு மயிலை வரைந்தார். இந்தப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை, விதைத்ததையெல்லாம் கிளறித் தின்றுவிட்டுப் போகிறது, அதனால் வரைந்ததில் தப்பில்லை. ஆனால் அந்த நீலம்! தோகையில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பளபளப்பு. வாய் தவறி, "காலண்டர் மாதிரி இருக்குங்ணா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. "காலண்டர்னா கேவலமுங்களா தம்பி? எத்தனை வீட்டுல சாமி ரூமே அதானுங்க" என்றார். மூன்று வாரம் ஃபோன் எடுக்கவில்லை.

அந்த மயில் மோசம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் நான் சொன்ன சொல் மயிலைப் பற்றியது மட்டும் இல்லை. என் ஒளி, என் புழுதி, என் சாம்பல் எல்லாம் கலை, அவர் கையில் வருகிற நீலம் கடைச்சரக்கு என்று எனக்குள் ஒரு தராசு இருந்திருக்கிறது. பதினான்கு வருஷம் பனியன் விற்கப் படம் எடுத்தவனுக்கு அந்தத் தராசு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நேரில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பெல்லாம் பேசவில்லை. அவர் மனைவி சோளச் சோறு போட்டார். மயில் படத்தையும் கண்காட்சியில் மாட்டினோம், அது அவர் போட்ட நிபந்தனை.

பெயர் விஷயம் அங்கேதான் வந்தது. படத்துக்குக் கீழே யார் பெயரை முதலில் போடுவது என்று நான் இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, அவர் தன் பெயரே வேண்டாம் என்றார். தன்னடக்கம் என்று நினைத்தேன். இல்லை, கோபம். "கோயில்ல டியூப்லைட் வாங்கிக் குடுத்தவன் பேரு லைட்டுமேலயே இருக்குதுங்க. கோபுரத்துக்கு வர்ணம் அடிச்சவன் பேரு எங்கீங்க இருக்குது? நாப்பது வருசம் போடாத பேரை இப்ப ஏசி ரூம்ல போட்டு என்ன பண்றது?" எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. என் பெயரை மட்டும் போட மனம் வரவில்லை. இருவர் பெயரும் இல்லாமல், "கேமரா, காவி" என்று இரண்டு சொல் மட்டும் அச்சடித்து ஒட்டினோம். வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் படத்தின் தலைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

பெரியவர் கேட்ட கேள்வியைப் போன வாரம்தான் அண்ணனிடம் சொன்னேன். இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தேன், வருத்தப்படுவார் என்று. "கெட்டுப்போறதுக்கு அதென்ன பாலுங்களா?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "எந்தப் படத்துக்கு முன்னால நின்னு கேட்டாரு?" என்றார்.

எனக்கு நினைவில்லை. அவர் வேட்டியின் கரை நினைவிருக்கிறது, கையில் வைத்திருந்த மஞ்சப் பை நினைவிருக்கிறது. எந்தப் படம் என்பது மட்டும் நினைவில்லை. மயிலா? கன்றுக்குட்டியா? "மயிலுன்னா அவரு கேட்டது நாயந்தானுங்க" என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல், தூரிகையைத் துடைத்துக்கொண்டே. "ஆனா அதைத் திரும்ப வரைய மாட்டேன்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். ஒன்பது பிரிண்ட் சுருட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று பழைய புழுதிப் படம், மூன்று மாதம் அலைந்து எடுத்தேனே, அது. அவரே கேட்டு வாங்கிவரச் சொன்னார். நேற்று இரவு ஃபோன். வரும்போது உப்புத்தாள் வாங்கிட்டு வாங்க, இருநூத்தி இருபதாம் நம்பர், நாலு ஷீட் போதும் என்றார். எதுக்குங்ணா என்றேன். "எலை எடுத்தாச்சுன்னா வேற எலை போடறதுக்குத்தானுங்க" என்று வைத்துவிட்டார். காலையில் ஹார்டுவேர் கடையில் வாங்கிவிட்டேன். பிரிண்டுகளோடு அதே பையில் இருக்கிறது, நடுவில் ஒரு அட்டை வைத்து.